தங்கராஜின் ஆறாவது விரல்

கெசியா வரைந்த முதல் கண்டக்டருக்கு இடது காது வலது காதைவிட மூன்று மில்லிமீட்டர் பெரியது. இதைக் கண்டுபிடித்தவன் அவளுடைய அண்ணன் தங்கராஜ். கண்ணால் பார்த்துச் சொன்னதல்ல. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து சொன்னது.

"மூணு மில்லிங்கறது சின்ன விசயமில்ல கண்ணு. மூணு மில்லி தப்பிப் போச்சுன்னா பம்புக்குள்ள சாஃப்டே எறங்காது" என்றான்.

"அண்ணா, இது காதுங்க. சாஃப்ட் இல்லீங்க."

"காதா இருந்தா மட்டும்? சோடியா வர்றதெல்லாம் ஒரே அளவாத்தான் இருக்கோணும்."

தங்கராஜுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தண்ணீர் பம்புக்குள் சுழலும் சாஃப்ட் என்ற இரும்புத் தண்டைக் கடைந்து கொடுக்கும் பட்டறையில், கடைந்து வருகிற ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பது அவன் வேலை. அளவு சரியென்றால் பச்சைப் பெயின்டில் ஒரு புள்ளி. தவறென்றால் சிவப்புப் புள்ளி. சிவப்புப் புள்ளி வாங்கிய சாஃப்டைக் குப்பையில் போட விடமாட்டான். என்ன தப்பு, எந்தத் தேதி, எந்த மெஷின் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, அதற்கென்று இருக்கும் அலமாரியில் அடுக்கி வைப்பான். முதலாளியே அந்த அலமாரிப் பக்கம் போகும்போது சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார் என்று பட்டறையில் சொல்வார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா தவறிப்போனபோது கெசியா தவழ்ந்துகொண்டிருந்தாள். அம்மா இருதயம்மாள் மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள், தங்கராஜ் பட்டறைக்குப் போனான், கெசியா மட்டும் பள்ளிக்கூடம் போனாள். அவளுடைய ஒன்றாம் வகுப்பு நோட்டிலிருந்து பி.காம். கடைசி வருஷ நோட்டு வரைக்கும் அட்டை போட்டவன் அவன்தான். அவள் பட்டம் வாங்கி வந்த அன்று அந்தக் காகிதத்தைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அம்மா நினைத்தாள். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காகிதம் ஒரு மூலையில் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. பிரேம் போடுகிறவரிடம் யாருக்கும் தெரியாமல் சரிசெய்யச் சொல்வது எப்படி என்ற யோசனையும் கூடவே ஓடியது.

உக்கடத்தில் ஒரு லாரி ஆபீசில் கெசியாவுக்கு டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. போகவும் வரவும் டவுன் பஸ். அந்தப் பஸ்ஸில் அவள் பார்த்ததெல்லாம் படமாயிற்று. கடைசிப் படிக்கட்டில் ஒற்றைக் காலில் நின்றபடி முறுக்கு தின்கிறவர், முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் இறங்குவதற்குள் மூன்று சண்டை போட்டு முடிக்கிற அம்மாள், எல்லாரையும் 'உள்ள போங்க, உள்ள பெருமாநல்லூர் வரைக்கும் எடம் இருக்குது' என்று தள்ளுகிற கண்டக்டர். கண்டக்டருக்குத் தம்பிதுரை என்று பெயர் வைத்தாள். கதைக்கு 'டவுன் பஸ் தம்பிதுரை'.

அது 1999. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அப்துல் வஹீது, பிப்ரவரியில் அதை இன்டர்நெட் பிரவுசிங் சென்டராக மாற்றினார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மூன்றையும் குளிர வைப்பதற்காக இருந்து வஹீதை மட்டும் குளிர வைத்த ஒரு ஃபேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவர்களும் அமெரிக்க மாப்பிள்ளைக்கு லெட்டர் போடுகிறவர்களும் வந்து போனார்கள். கெசியா படக்கதையோடு போனாள். இலவசமாக இடம் கொடுக்கும் ஏதோ ஒரு தளத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம் திறந்து கொடுத்தார் வஹீது. வாரம் ஒரு பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றுவது. பேச்சையும் கையாலேயே எழுதிவிட்டதால் தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிற தொல்லையும் இல்லை.

"ஒலகம் பூராவும் பாப்பாங்களா பாய்?" என்று தங்கராஜ் கேட்டான்.

"ஆமாங்ணா. அமெரிக்கா, லண்டன், எல்லாப் பக்கமும்."

அன்றிலிருந்துதான் வெர்னியர் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. உலகம் பார்க்கப் போகிற சரக்கை அளக்காமல் எப்படி அனுப்புவது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெசியா படத்தைக் கொண்டுவந்து வைப்பாள். தங்கராஜ் முகம் கழுவி, கண்ணாடி போட்டு, மேஜை விளக்கை இழுத்துவிட்டு அளப்பான். முதல் கட்டத்தில் தம்பிதுரையின் மூக்கு பதினாலு மில்லி, மூன்றாம் கட்டத்தில் பன்னிரண்டு. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் தாளின் பின்பக்கம் ஒரு புள்ளி. கெசியா திரும்ப வரைவாள். நாலாவதோ ஐந்தாவதோ பச்சைப் புள்ளி வாங்கிச் சனிக்கிழமை உலகத்துக்குப் போகும்.

"ஏன்டா, பஸ்சுல நிக்கிறவன் மூக்கை எவன்டா அளந்து பாக்கறான்?" என்பாள் இருதயம்மாள்.

"நாளைக்கு ஒருத்தன் பாத்துச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே பாத்துப்போடறது நல்லதுதானம்மா."

பதினொரு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, கெசியா ஒரே காதை ஏழு தடவை அழித்து அழித்துப் போடுவதைத் தங்கராஜ் பார்த்தான். எட்டாவது தடவை தாளே கிழிந்துபோயிற்று. அவனுக்கு மனசு கேட்கவில்லை. பட்டறையில் ஒரே மாதிரி நூறு துண்டு வெட்ட வேண்டுமென்றால் யாராவது நூறு தடவை அளந்துகொண்டிருப்பார்களா? ஒரு தகடு வெட்டி வைத்துக்கொள்வார்கள். அதை வைத்துக் கோடு இழுத்தால் நூறும் ஒன்றுபோல் வரும். இத்தனை நாளும் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஒரு வாரம், சாப்பாட்டு நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்தான். ஒரு மில்லி கனமுள்ள பித்தளைத் தகடு. தம்பிதுரையின் முகம், காதோடு. கண்ணுக்கு இரண்டு துளை, மூக்குக்கு ஒரு பிளவு, மீசைக்கு வளைவாக ஒன்று. விரலைக் கிழிக்காதபடி ஓரமெல்லாம் அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, மூலையில் 'கெ-1' என்று அச்சடித்தான். உடம்புக்குக் கெ-2. சீட்டில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குக் கெ-3.

இருதயம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்னடா, பிஸ்கட் வெட்டற அச்சா?"

"அம்மா, அதைக் கீழ வையிங்க. அளவு போயிரும்."

கெசியா வாங்கிப் பார்த்தாள். நல்ல கனம். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கல்யாணப் பெண்ணைப் போல நின்றுகொண்டிருந்தான்.

"நல்லா இருக்குதுங்ணா" என்றாள். வேறு என்னதான் சொல்வாள்?

பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து இருபத்தேழாம் பக்கம் வரைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. தங்கராஜின் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியான பதினாறு வெள்ளிக்கிழமைகள் வந்ததில்லை. முகத்துக்குத் தகடு ஒன்றுதான் என்பதால் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாருக்கும் அந்த முகமே அமைந்தது. பூ வைத்தால் பூக்காரம்மா, கண்ணாடி போட்டால் வாத்தியார், மீசையை விட்டுவிட்டால் காலேஜ் பெண். ஒரு பக்கத்தில் கைக்குழந்தை வந்தது. அதற்கும் கெ-1தான். தூக்கி வைத்திருந்த தாயின் தலையும் குழந்தையின் தலையும் ஒரே அளவு.

வஹீது ஸ்கேன் செய்துகொண்டே குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அம்மணி, இந்தக் கொழந்தைக்கு அரை டிக்கெட் கேட்டா நான் குடுக்கமாட்டேனுங்க."

கெசியா சிரிக்கவில்லை.

கைக்கு மட்டும் தகடு ஆகியிருக்கவில்லை. விரல் இடுக்கில் அரம் போவது சிரமம். ஐந்து விரலுக்கும் நான்கு இடுக்கு. தங்கராஜ் ஏற்கெனவே இரண்டு தகட்டைக் கெடுத்துவிட்டு மூன்றாவதில் இருந்தான். அதுவரைக்கும் கையை மட்டும் கெசியா தன் போக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கைக்கு ஒரே அளவு கேட்க முடியாது, அது மடங்கும் நீளும் என்பதால் தங்கராஜும் விட்டுவைத்திருந்தான். கெ-4 முடிந்தால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

ஆகஸ்டு ஏழாம் தேதி இருபத்தேழாம் பக்கத்தை ஏற்றியபோதுதான் கடிதம் வந்திருந்தது. பார்க்கிறவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போவதற்கு அந்தப் பக்கத்தின் அடியில் ஓர் இடம் உண்டு. அதுவரைக்கும் அங்கே எழுதியவர் ஒருவர்தான், வஹீது. 'சூப்பர்' என்று.

மேலே பெயர் இருந்தது: மோகனப்பிரியா, சோமனூர். தானும் படக்கதை போடுவதாகத் தன் பக்கத்தின் முகவரியையும் கொடுத்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியிருந்ததால் கெசியா, கூட வந்திருந்த தங்கராஜுக்கும் கேட்கும்படி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஒங்க பஸ்சுல போறவங்க எல்லாருமே கண்டக்டரோட கூடப்பொறந்தவங்களா? கைக்கொழந்தைகூட?"

அடுத்த வரிக்குப் போவதற்குள் கரண்டு போயிற்று. மூன்று திரையும் அணைந்தன. ஃபேனும் நின்றது.

இருட்டில் தங்கராஜின் குரல் மட்டும் கேட்டது. "பாத்தியா கண்ணு! அளவு அத்தனை கரெக்டா இருக்குதுன்னு யாரோ சோமனூர்க்காரங்க சொல்றாங்க பாரு!"

கெசியா வஹீதிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கெசியா நிப்பைக் கழுவித் துடைத்தாள். மை பாட்டிலை இறுக மூடினாள். மூன்று தகட்டையும் ஒரு பழைய பேப்பரில் சுற்றி அண்ணன் மேஜைமேல் வைத்தாள்.

"இனி வேண்டாங்ணா. எனக்கு இது வரலீங்க. இந்த மாசக் கடைசிச் சனிக்கெழமை அந்தப் பக்கத்தையே எடுத்துப்போடச் சொல்லி பாய்கிட்டச் சொல்லிட்டேன்."

"ஏன் கண்ணு? அந்தப் புள்ள நல்லதாத்தான எழுதியிருந்துச்சு?"

"அண்ணா" என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி போடட்டுங்களா?" என்று முடித்தாள்.

தங்கராஜுக்கு விஷயம் புரிய ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் முன்வரிசையில் இருந்த தலைகளைப் பார்த்தான். ஒன்றுபோல் ஒன்று இல்லை. திடீரென்று காது சூடாயிற்று. தப்பு தன்னுடையது, பஸ் நிறைய ஆட்கள் ஏறுகிற கதைக்கு ஒரே ஒரு முகத் தகடு கொடுத்திருக்கிறோம். எந்தப் பட்டறையிலாவது ஒரே தகட்டை வைத்து எல்லாச் சாமானும் செய்வார்களா?

ஆகவே தகட்டை அதிகமாக்க வேண்டும். எத்தனை வேண்டும்? ஆறா, பத்தா? தெரிந்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் முறை. அந்தச் சோமனூர்ப் பெண் எத்தனை முகம் வைத்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டால் கணக்குத் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை வேலை விட்டதும் ஒரு நோட்டோடு வஹீதிடம் போனான். சட்டைப் பையில் அரைகுறையாய் நின்ற கெ-4 இருந்தது.

"ஏனுங் பாய், அந்தச் சோமனூர்ப் பக்கத்தைக் கொஞ்சம் எடுங்க."

"சண்டைக்கா போறீங்க?"

"இல்லீங், எண்ணறதுக்கு."

அந்தக் காலத்தில் ஒரு படம் திரையில் வர நாலைந்து நிமிஷம் ஆகும். மேலேயிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் கதையின் பெயர் வந்தது: 'ராசாத்தாள் ஊட்டுத் தறி'. பிறகு ஒரு கொண்டை. நெற்றி. சிடுசிடுவென்று ஒரு முகம். தறி ஓட்டுகிற ராசாத்தாள் என்ற அம்மாள்தான் கதாநாயகி என்று தெரிந்தது. அது நாற்பத்து நான்காம் பக்கம். கழுத்து, தோள், முழங்கை. கடைசியில் இரண்டு கை.

தங்கராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

அறுந்துபோன இழை ஒன்றை அந்தக் கைகள் முடிந்துகொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த இடத்தில் நூல் இருப்பதே தெரியவில்லை. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தது. அம்மா மில்லிலிருந்து வந்தும் தூக்கத்தில் இப்படித்தான் விரலை உருட்டிக்கொண்டிருப்பாள். பழக்கத்தில் வெர்னியரை எடுத்துத் திரைமேல் வைத்தான். வலது கை இடது கையைவிட நாலு மில்லி பெரியது. வெர்னியரை மூடினான். மறுபடி பார்த்தான். அப்போதும் அது நூல் முடிகிற கைதான்.

"இதுக்கு எந்த மாதிரித் தகடு வெச்சிருப்பாங்க பாய்?"

"தகடா? கையிலயே போடறதுங்ணா."

"சும்மா சொல்லாதீங்க. மொத நாள்ல இருந்தே இப்படிப் போட்டிருப்பாங்களா?"

"மொத நாளுதும் இங்கயேதான் இருக்குது. பாக்கறீங்களா?"

முதல் பக்கம் இறங்கி முடிந்தபோது, கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று தங்கராஜ் நினைத்தான். ராசாத்தாள் என்று கீழே எழுதியிராவிட்டால் பூசணிக்காய் என்று சொல்லிவிடலாம். கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு சிறிய பூசணிக்காய். கை கிடையாது.

மூன்று சாயங்காலம், நாற்பத்து நான்கு பக்கமும் பார்த்தான். முகம் எண்ண வந்தவன் கையை எண்ணிக்கொண்டிருந்தான். நோட்டில் பக்கத்துக்கு ஒரு வரி எழுதினான்.

'பக்கம் 2. கை முதுகுக்குப் பின்னால்.
பக்கம் 5. எல்லாரும் குளிருக்குப் போர்த்தியிருக்கிறார்கள். (கதை சித்திரை மாசம்.)
பக்கம் 9. எருமைக்குப் பின்னால் நிற்கிறார்கள். நாலு பேர், ஒரு எருமை.
பக்கம் 13. கை மாவுக்குள்.
பக்கம் 16. காரணம் இல்லாமல் கை இல்லை.'

பதினேழாம் பக்கத்தில் முதல் கை வந்தது. கூடவே கட்டத்துக்கு அடியில் ஒரு வரி: 'இந்த வாரம் கை வரைஞ்சிருக்கேன். ஒளிச்சு ஒளிச்சு எனக்கே சலிச்சுப் போச்சு. சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க.'

'பக்கம் 17. இடது கை. ஐந்து விரல். ஐந்தும் வாழைப்பழம்.
பக்கம் 18. அதே வாழைப்பழம். நகம் வைத்திருக்கிறார்கள்.
பக்கம் 21. விரல் மடங்குகிறது. மடங்கக் கூடாத பக்கம்.
பக்கம் 26. சரியான பக்கம் மடங்குகிறது.
பக்கம் 31. செம்பு பிடித்திருக்கிறார்கள். செம்பு விழாது என்று நம்பலாம்.'

"ஏனுங் பாய், இத்தனை ரிஜெக்ட் பீஸையும் இவங்க ஏன் எடுத்துப்போடாம வெச்சிருக்கறாங்க?"

"எடுத்துப்போட்டிருந்தா நீங்க எதைப் பாத்து எழுதறது?" என்றார் வஹீது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக, "அண்ணா, நம்ம பக்கத்துக்கு வந்த கடுதாசியில பாதிதான படிச்சோம்? மீதி அப்படியே கெடக்குதே" என்று அதைத் திறந்தார்.

கூடப்பிறந்தவர்களா என்ற கேள்விக்குக் கீழே இப்படி இருந்தது:

'கிண்டல் பண்றதா நெனைச்சுக்காதீங்க. மூஞ்சியெல்லாம் அச்சுல போட்ட மாதிரி இருக்குது. ஆனா அந்தக் கண்டக்டரோட கை இருக்குதே, டிக்கெட் கிழிக்கறப்ப ஒரு மாதிரி, விசில் புடிக்கறப்ப ஒரு மாதிரி, ஒரு பக்கத்துல இருந்தது இன்னொரு பக்கத்துல இல்ல. எனக்குப் பதினாறு வாரம் கையே வரல. நீங்க கையை எப்படிப் போடறீங்களோ அப்படியே மூஞ்சியையும் போட்டா என்னங்க?'

தங்கராஜ் முன்னால் குனிந்தான். சட்டைப் பையில் கெ-4 நெஞ்சில் குத்திற்று. அதன் நான்காவது இடுக்குக்கு இன்னும் அரம் போடவில்லை. நல்லவேளை. வியாழக்கிழமை முடித்துவிடுவதாக இருந்தான்.

"என்னுங்ணா, வேர்க்குது? ஃபேன் போடட்டுங்களா?"

"ஓடிட்டுத்தானுங் பாய் இருக்குது."

"எனக்கு ஓடுது. உங்க பக்கம் திருப்பட்டுமான்னு கேட்டேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கெசியாவின் முன்னால் நோட்டை வைத்தான். அவள் ஆபீஸிலிருந்து வந்த களைப்பில் படித்தாள். எருமை வரை வந்து நிறுத்தினாள். ஐந்தும் வாழைப்பழம் என்ற இடத்தில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. செம்பு விழாது என்று நம்பலாம் என்றதும் மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். நாலு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. இருதயம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இதெல்லாம் நெசமாலுமா போட்டு வெச்சிருக்காங்க?"

"வா, வந்து பாரு. கடுதாசி மீதியும் இருக்குது."

சனிக்கிழமை போனார்கள். கெசியா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதினேழாம் பக்கத்தில் மட்டும் வெகுநேரம் இருந்தாள்.

"இதை அவங்க கிழிச்சுப்போடலீங்கண்ணா. ஒலகத்துக்கே தெரியற மாதிரி வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் எப்படி ஆகிட்டே வருது பாருங்க. நானெல்லாம்..." என்று நிறுத்தினாள். "என்னோட தப்பான படம் ஒண்ணுகூட இப்ப இல்ல. எங்க இருந்து எங்க வந்தேன்னு எனக்கே தெரியாது."

தங்கராஜ் தொண்டையைக் கனைத்தான். "இருக்குது."

"என்ன இருக்குது?"

"எல்லாமே."

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தான். சிவப்புப் புள்ளி வாங்கி, அவள் கசக்கி எறிந்த முப்பத்தாறு தாள். ஒவ்வொன்றையும் நீவி, படுக்கிற பாய்க்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்து, ஓரத்தில் சீட்டுக் குத்தியிருந்தான். '6-2-99-க்கு உரியது. இடது காது 3 மி.மீ. அதிகம்.' '6-3-99. வாத்தியார் மூக்குக்கண்ணாடி ஒருபக்கம் இறக்கம்.' '3-4-99. முறுக்கு சாப்பிடுகிறவர் கன்னம் ஒன்று மட்டும் உப்பல்.'

"முறுக்கு திங்கறப்ப ஒரு கன்னந்தானுங்கண்ணா உப்பும்" என்றாள் கெசியா மெதுவாக.

தங்கராஜ் அந்தப் படத்தைப் பார்த்தான். தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "ஆமா" என்றான். "அன்னைக்குத் தோணல."

கெசியா முப்பத்தாறு தாளையும் தரையில் தேதிவாரியாகப் பரப்பினாள். ஒரு கோடியில் காது பெரிதான கண்டக்டர். மறுகோடியில், பித்தளைத் தகடு வருவதற்கு முந்தின வாரத்து ஆள். காது கிழிந்துபோன தாள். நடுவில் நடந்து நடந்து பார்த்தாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குள் தம்பிதுரைக்குக் கழுத்து வந்திருந்தது. நிற்கிற நிலை வந்திருந்தது. ஒரு எரிச்சல் வந்திருந்தது. அதற்கப்புறம்தான் எல்லாம் பளபளவென்று நின்றுபோயிருந்தது. தங்கராஜும் அவளுக்குப் பின்னால் ஓரடி விட்டு அதே வரிசையில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"அம்மா" என்று கூப்பிட்டான். "பிஸ்கட் வெட்டறதுக்கு ஏதோ கேட்டீங்களே."

"அளவு போயிரும்னியே?"

"போனாப் போகட்டும். எடுத்துக்குங்க."

மாசக் கடைசி வாரம் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் கெசியாவின் மேஜைப் பக்கம் தங்கராஜ் போகவில்லை. போகாமல் இருப்பது எப்படி என்று தெரியாததால் குளிக்கப் போனான். வியாழக்கிழமை இரண்டு தரம் குளித்தான்.

வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி. இருதயம்மாள் ஒரு தட்டு நிறையக் கண்டக்டர்களைச் சுட்டு வைத்திருந்தாள். மைதா மாவைத் தேய்த்துக் கெ-1ஐ மேலே வைத்துக் கத்தியால் சுற்றி வெட்டியிருந்தாள். அடுப்புக்குள் போனதும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உப்பிவிட்டது. ஒருவர் சிரித்தார், ஒருவர் அழுதார், ஒருவருக்கு மீசை கருகியிருந்தது. கெசியா ஒரு கண்டக்டரின் இடது காதைக் கடித்தபடி படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"பாத்துச் சொல்லுங்கண்ணா."

தங்கராஜ் முகம் கழுவினான். கண்ணாடி போட்டான். விளக்கை இழுத்தான்.

பஸ் நிறையக் கூட்டம். எத்தனை பேரோ அத்தனை முகம். மூன்று சண்டை அம்மாளுக்குத் தாடை நீண்டிருந்தது. கைக்குழந்தை குழந்தையாய் இருந்தது. நடுவில் தம்பிதுரை, அவன் மூக்கைப் பிடித்து ஒரு பயணி வெர்னியரால் அளந்துகொண்டிருந்தான். கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் மூன்று சுருக்கம். 'மூக்குக்கு டிக்கெட் வேணுமுங்களா?' என்று தம்பிதுரை கேட்கிறான். 'பொறுங்க, இன்னும் அளந்து முடியல' என்கிறான் அந்த ஆள்.

தங்கராஜுக்குத் தான்தான் அது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிரிப்பு வந்தது. வெர்னியர் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். அப்படியே தன் கைதான்; சுண்டுவிரல் விலகி நிற்கிற விதம்கூட. எத்தனை நுணுக்கமாய்ப் பார்த்திருக்கிறாள் என்று விரல் விரலாகப் பார்த்துக்கொண்டு போனான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரம், சுண்டு.

அதற்கப்புறம் இன்னொன்று.

மறுபடி எண்ணினான். ஆறு. தன் கையை மேஜைக்கு அடியில் வைத்து அதையும் எண்ணினான். ஐந்து.

கெசியா எதிரில் கண்டக்டரின் மறுகாதைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் தங்கராஜ் தெரிந்தே ஒரு தப்பான பீஸை வெளியே விட்டதில்லை. இடது பக்கம் சிவப்புப் பேனா, வலது பக்கம் பச்சை. அவன் கை இடது பக்கம் போயிற்று, தானாகத்தான் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்ப் பச்சையை எடுத்துத் தாளைத் திருப்பிப் புள்ளி வைத்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய புள்ளி.

"அளக்கவே இல்லீங்களேண்ணா?"

"பிஸ்கட் எடு" என்றான் தங்கராஜ்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, பக்கத்தை எடுத்துப்போடுவதற்காகக் காத்திருந்த வஹீதிடம் கெசியா ஒரு கட்டுத் தாளை நீட்டினாள். மேலே புதுப் படம். அதன் அடியில் முப்பத்தாறு பழசு, சிவப்புப் புள்ளியோடு. இனி வாரத்துக்கு ஒன்றாக அதையும் ஏற்ற வேண்டுமாம், அண்ணனுடைய சீட்டோடு சேர்த்து. வஹீது ஸ்கேனரைத் திறந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சோமனூருக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள்.

படம் திரையில் மேலிருந்து கோடு கோடாக இறங்கிற்று. பஸ்ஸின் கூரை. தலைகள். தம்பிதுரையின் மூக்கு. வெர்னியர். அதைப் பிடித்த கை. வஹீது முன்னால் குனிந்தார். உதட்டை அசைத்து எண்ணினார். தங்கராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, இந்தக் கையில..."

"பாஸான பீஸுங்க பாய்" என்றான் தங்கராஜ். "ஏத்துங்க."